கரடி நக்கிய கூடாரம்

அப்பா அதைப் ‘படங்கு’ என்றுதான் சொல்வார். 1974-ல் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்வதும் அங்கே படங்குதான், லாரியின் மேல் போர்த்துவதும் படங்குதான். கோத்தகிரியில் கித்தான் என்பார்கள். கடையில் கேட்டால் கேன்வாஸ். பெயர் எதுவானாலும், முறுக்கேறிய பருத்தி நூலை நெருக்கி அடித்து நெய்த தடித்த துணி. அதில் தைத்த கூடாரம் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் நாற்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. வெலிங்டன் பக்கம், ராணுவத்தில் கழித்த சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற ஒருவரிடம் அப்பா வாங்கியது. ஏழடிக்கு ஏழடி, இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குக் கம்பு. துணி மட்டும் ஆறு கிலோ. நனைந்துவிட்டால் இரண்டு பேர் வேண்டும் தூக்குவதற்கு.

கூடாரம் என்றதும் காட்டுக்குள் போய் அடிப்போம் என்று எண்ண வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் இரவு தங்கக் கூடாது. தங்கவும் நாங்கள் விரும்பவில்லை. எங்கள் அரை ஏக்கர் தேயிலையின் கீழ்க்கோடியில் ஒரு சமதளம் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அதுதான் காடு.

போன வருடம் தீபாவளிக்கு மறுநாள் அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து நண்பர்கள் நான்கு பேருடன் வந்தான். “தாத்தாவின் கூடாரத்தைக் கொடுங்கள் அத்தை, மழையில் படுத்துப் பார்க்க வேண்டும்” என்றான். மழைக்கு என்ன பஞ்சம்? ஆடியில் நனைவது கூடலூரும் தேவாலாவும் அவலாஞ்சியும்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோதுகூட நான் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தேன். மலையின் கிழக்கே இருக்கிற எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் கணக்கு. அன்று இரவு ஏழு மணிக்குப் பிடித்த மழை, பதினோரு மணிக்கு அண்ணன் மகன் தொப்பலாக நனைந்து வந்து கதவைத் தட்டியபோதும் விடவில்லை.

“கூடாரம் முழுக்க ஒழுகுகிறது அத்தை.”

நான் தையல்காரி. முப்பது வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறேன். துணியைப் பற்றி யாராவது ‘முழுக்க’ என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். முழுக்கக் கிழிந்த சட்டையை இதுவரை ஒருவரும் கொண்டுவந்ததில்லை. எங்கோ ஓர் இடத்தில்தான் கிழிந்திருக்கும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு உள்ளே உட்கார்ந்து எண்ணினேன். ஏழு இடம். ஐந்து, தையல் ஓடும் வழியில். ஒன்று, அவர்களில் உயரமான பையனின் தலை போய்வரும்போதெல்லாம் உரசிய இடம். துணியே விட்டுக்கொடுத்த இடம் ஒன்றே ஒன்று.

அந்தத் தலை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நனைந்த பருத்தி நூல் ஊதும். ஊதும்போது நெசவின் கண்கள் தாமாகவே இறுகும். இறுகிய கண்களில் தண்ணீர் ஒரு படலமாக நிற்கும், கீழே விழாது. மேலே வந்து விழும் துளி அந்தப் படலத்தின் மேலேயே சரிந்து ஓடிவிடும். உள்ளேயிருந்து விரலோ தலையோ பையோ பட்டால் படலம் உடைந்து, பட்ட இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு கையை எடுத்தாலும் அங்கே சொட்டிக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் நான் இப்படித் தொட்டுவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். திட்டி முடித்ததும் ஒரு வித்தை காட்டினார். சொட்டுகிற இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, துணியைவிட்டு எடுக்காமல், மெதுவாகக் கீழே ஓரம்வரை ஒரு கோடு இழுத்தார். விரல் போன வழியே துளி இறங்கி ஓரத்தில் போய் வடிந்தது. எங்கள் மேல் சொட்டுவது நின்றது. அன்று இரவும் முக்காலியில் ஏறி அதே கோட்டை இழுத்தேன். தலை பட்ட இடம் அடங்கியது.

ஆனால் தையலில் ஒழுகியதை விரலால் அடக்க முடியாது. அது என் வேலை, என் தப்பு.

பழைய தையல் இற்றுப்போனதால் பத்து வருடத்துக்கு முன்பு கூரையின் நான்கு இணைப்புகளையும் பிரித்துப் புதிதாகத் தைத்தேன். உறுதியாக இருக்கட்டும் என்று பாலியஸ்டர் நூல். கித்தானுக்கு 18-ஆம் நம்பர் ஊசி வேண்டும், போட்டேன். அந்த ஊசி குத்தும் ஓட்டை நூலைவிடப் பெரியது. பருத்தி நூலாக இருந்தால் நனைந்ததும் ஊதி அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. அதனால் ஊதுவதும் இல்லை. அங்குலத்துக்கு ஏழு தையல் என்றால் ஒரு கூரை இணைப்பில் எத்தனை ஓட்டை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுப் பார்த்து வெட்கப்பட்டேன்.

இன்னொன்று அதைவிட மோசம். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது ஒன்றின் விளிம்பை மற்றொன்றுக்குள் மடித்து இரண்டு வரி தைப்போம். பேன்ட்டின் கால் பக்கத்தில் பார்க்கலாம். கூடாரத்தில் அந்த மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காருவது போல. கிழக்குப் பக்கக் கூரையில் குறுக்கே ஓடும் ஓர் இணைப்பை நான் தலைகீழாக மடித்துவிட்டிருந்தேன். மழை மொத்தத்தையும் ஏந்தும் சட்டைப்பை ஒன்று தயார். ஐந்தில் மூன்று சொட்டு அங்கிருந்துதான். மெஷினில் வளைத்துத் தைக்க அந்தப் பக்கம் வசதியாக இருந்தது, வேறு காரணம் கிடையாது.

இதற்கு இடையில் நான் செய்த மற்ற அறிவீனங்களும் உண்டு. ஒருமுறை சலவைத் தூள் போட்டு வெளுத்தேன். பளிச்சென்று ஆனது. அடுத்த மழையில் விளக்குத் திரிபோல் தண்ணீரை இழுத்தது. சலவைத் தூளின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் புகுத்துவதுதானே. சரியாக அலசாமல் விட்டால் அது நூலிலேயே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு மழைக்கும் கதவு திறக்கும். கித்தானுக்குக் காய்ந்த பிரஷும் வெறும் தண்ணீரும் போதும்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். பழைய காலத்தில் கப்பல் துணிக்கெல்லாம் பூசியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மூலையில் மட்டும் பூசிப் பார்த்தேன். பலகைபோல் விறைத்து, வெயிலில் பிசுபிசுத்து, மடித்தால் விரிசல் விட்டது. அதைவிட எண்ணெய் துடைத்த துணிகளை வாளியில் போட்டு வைத்திருந்தபோது பயந்துபோனேன். மாலையில் தொட்டால் சுடுகிறது! அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடித்துவிடும். உடனே தண்ணீரில் அமுக்கினேன். இப்போது அந்த மூலையை வெட்டி எடுத்து வேறு துணி வைத்துவிட்டேன்.

மெழுகு பற்றிப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை, மெழுகு பூசிய கித்தானில் தண்ணீர் தாமரை இலையில்போல் உருளும். ஆனால் மெழுகு எரியும். 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் சில நிமிடங்களில் எரிந்து விழுந்தது. இறந்தவர்கள் 160-க்கும் மேல். மழைக்காக அதன் துணியில் பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். நம் ஊரில் கூடாரத்துக்குள் கொசுவர்த்தியும் மெழுகுவர்த்தியும் கொளுத்துகிற பழக்கம் உள்ளவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நினைக்காமல்தான் நானும் பூசினேன், தேன்மெழுகு. இங்கே குறும்பர்கள் பாறை முகட்டில் கயிறு கட்டி இறங்கி மலைத்தேனீயின் அடைகளை எடுப்பார்கள். தேனைப் பிழிந்த பிறகு கிடைக்கும் மெழுகு கோத்தகிரியில் கிடைக்கும். முந்நூறு கிராம் வாங்கி, கொதிநீருக்குள் ஒரு கிண்ணத்தை வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளிப்போய் டர்பன்டைன் கலந்து, கூரைக்கு மட்டும் பிரஷால் பூசினேன். டர்பன்டைன் வாடை போகட்டும் என்று இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஐந்து நாள் ஆனது. டர்பன்டைன் வாடை போனது. அதன் அடியில் இருந்த தேன் வாடை வெளியே வந்தது. வாங்கிய மெழுகு சரியாகச் சுத்தம் செய்யாதது என்பது எனக்குத் தெரியாது. கரடிக்குத் தெரிந்திருக்கிறது.

கோத்தகிரியில் கரடி எங்கள் அக்கம்பக்கத்து ஆள் மாதிரி. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்காகக் கதவை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிற ஜாதி. ஆறாம் நாள் காலையில் கூடாரம் ஒரு பக்கம் தரையில் கிடந்தது. கூரையில் ஒரு முழ நீளத்துக்கு மெழுகைக் காணோம், எச்சில் காய்ந்து துணி விறைத்திருந்தது. பக்கத்தில் மூன்று நகக் கீறல்கள், வரிசையாக, நான் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் அவ்வளவு நேராக வராது. அண்ணியிடம் சொன்னபோது, “நீ உள்ளே படுத்திருந்தாயானால்?” என்று கேட்டார். அத்துடன் தேன்மெழுகை விட்டேன்.

அந்தக் கீறல்களுக்கு ஒட்டுப்போட்டபோது ஒரு விஷயம் கவனித்தேன், தைக்கிறவர்களுக்கு உதவும். ஒட்டுத் துணி புதிய கித்தானாக இருந்தால் அதை இரண்டு மூன்று முறை நனைத்து நனைத்துக் காயவைத்த பிறகே வைக்க வேண்டும். புதுத் துணி முதல் நனைவில் சுருங்கும். சுருங்கினால் சுற்றியுள்ள பழைய துணியையும் சுருக்கி இழுத்துக் கிழிக்கும். ஒட்டு வைப்பதற்கு முன் பழைய துணியில் உயிர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு கட்டை விரலாலும் பிடித்து இழுத்தால் தாக்குப்பிடிக்க வேண்டும். ‘பட்’ என்று அப்பளம்போல் உடைந்தால் பூஞ்சை உள்ளே புகுந்து நூலையே தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு எந்த மருந்தும் இல்லை, வெட்டி எறிய வேண்டியதுதான்.

இப்போது நான் செய்வது படிகாரமும் சோப்பும். கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிற, சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கிற அதே படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ வாங்கினேன். “இவ்வளவு எதற்கு, யார் கண் பட்டது?” என்று கடைக்காரர் கேட்டார்.

சோப்பு வாங்கும்போதுதான் சூட்சுமம். துணி துவைக்கும் கட்டிகளில் பாதிக்கு மேல் சோப்பே அல்ல, சலவைத் தூளின் அண்ணன் தம்பிகள். அவை உதவாது. எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய உண்மையான சோப்பு வேண்டும். எனக்குப் புரிந்த சோதனை இது: ஒரு டம்ளர் வெந்நீரில் சோப்பைச் சீவிக் கரைத்து, அதில் படிகாரத் தண்ணீரை இரண்டு கரண்டி விட வேண்டும். எலுமிச்சை பிழிந்த பால்போல் உடனே திரிந்து வெள்ளைத் திட்டுகள் மிதந்தால் அது சோப்பு. ஒன்றும் ஆகாமல் நுரைத்துக்கொண்டு இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று கட்டிகளில் ஒன்று தேறியது.

அந்த வெள்ளைத் திட்டுதான் நமக்கு வேண்டியது. படிகாரத்தில் உள்ள அலுமினியமும் சோப்பில் உள்ள கொழுப்பும் கைகோத்துக்கொள்ளும். பிறகு அது தண்ணீரில் கரையாது, தண்ணீரை ஒட்டவும் விடாது. இதை வாளியில் செய்தால் வீண். நூலுக்குள்ளேயே நடக்கவைக்க வேண்டும். அதனால் முதலில் சோப்பு, பிறகு படிகாரம், தனித்தனியாக.

மாசி மாதம் வெயில் நன்றாக அடிக்கிற நாளில் கூடாரத்தை அடித்து நிறுத்தினேன். பத்து லிட்டர் வெந்நீரில் அரைக் கிலோ சோப்பு, சீவிக் கரைத்து, சூடாக இருக்கும்போதே தேங்காய் நார் பிரஷால் வெளிப்புறம் தேய்த்தேன். மேலே பூசினால் போதாது, கண்ணுக்குள் இறங்கும்படி வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். உள்ளே கைவைத்துப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும். தொட்டால் சில்லென்று, ஆனால் சொட்டாத அளவுக்குக் காய்ந்ததும் இன்னொரு பத்து லிட்டரில் அரைக் கிலோ படிகாரம். பிரஷ் பட்ட இடத்தில் துணி லேசாக வெளிறுவதையும், வழுவழுப்பாக இருந்த பரப்பு சட்டென்று சொரசொரப்பாவதையும் கையில் உணரலாம். எனக்கு அந்த நேரம் மிகவும் பிடிக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு வெறும் தண்ணீர் ஊற்றி அலசினேன். மிச்சப் படிகாரம் அமிலத் தன்மை உள்ளது, தங்கிவிட்டால் பருத்தியை நாளாவட்டத்தில் மக்கவைக்கும்.

இது மெழுகு அளவுக்குக் கெட்டி இல்லை. உரசும் இடத்தில் தேயும். வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஆனால் துணி மூச்சுவிடும், அதுதான் எனக்கு முக்கியம். மழைக்குப் பயந்து கூடாரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் படுத்தவர்களுக்குத் தெரியும்: நீலகிரிக் குளிரில் ஐந்து பேர் விடும் மூச்சு அந்தத் தாளில் பட்டுத் தண்ணீராகி விடியற்காலையில் முகத்தில் சொட்டும். வெளியே மழை நின்றிருக்கும், உள்ளே பெய்யும். கடையில் சிலிக்கான் திரவங்கள் கிடைக்கின்றன, பருத்திக்கு நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கிறது. ஃபுளோரின் சேர்ந்த வகைகளை நான் தொடுவதில்லை. அவை மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் கிடப்பவை, எங்கள் சமதளத்துக்குக் கீழே ஓடை இருக்கிறது.

பூச்சுக்கு முன்பே அந்த நான்கு இணைப்புகளையும் பிரித்துவிட்டேன். தடித்த பருத்தி நூல். செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் மார்க்கெட் அருகே உட்காருவார். அவர் செய்வதைப் பார்த்துக் கற்றது, நூலை மெழுகுக் கட்டியின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி இரண்டு முறை இழுப்பது. நூல் மெழுகில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு ‘கிர்ர்’ என்று வரும். மெஷினில் அது சிக்கும் என்பதால் கோணி ஊசியை வைத்துக் கையாலேயே தைத்தேன், பழைய ஓட்டைகளிலேயே. மடிப்பின் வாய் இம்முறை கீழ்நோக்கி. முடித்ததும் தையல் வரியில் மட்டும் மெழுகைத் தேய்த்து, செய்தித்தாள் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஓட்டினேன். இந்த முறை வெள்ளை மெழுகுவர்த்தி. கரடிக்கு அதில் ஆர்வம் இருக்காது என்று நம்புகிறேன்.

கயிறுகளை மாற்ற அண்ணன் மகன் நைலான் வாங்கிவந்தான். மறுத்துவிட்டேன். நைலான் நனைந்தால் நீளும், கூரை தொய்யும், தொய்ந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். பருத்திக் கயிறு நேர்மாறு: நனைந்தால் சுருங்கும். இருட்டும்போது வானம் கறுத்திருந்தால் அப்பா ஒவ்வொரு முளையாகப் போய் ஒரு விரல் அளவு தளர்த்திவிட்டு வருவார். தளர்த்தாவிட்டால் நள்ளிரவில் முளையைப் பிடுங்கும், அல்லது துணியில் பித்தளை வளையம் இருக்கும் இடத்தைக் கிழிக்கும்.

ஈரத்தோடு மடிக்காதே என்பதை எல்லோரும் சொல்வார்கள், ஒருவரும் கேட்பதில்லை. ஞாயிறு மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் கறுப்புப் புள்ளி கிளம்பும். அதனால் இப்போதெல்லாம் பிள்ளைகள் கூடாரத்தைத் தொடக் கூடாது, நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். வெயில் வரும்வரை நிற்கட்டும். கார்த்திகையில் அதற்குப் பத்து நாள்கூட ஆகும்.

போன வாரம் முதல் பெருமழை. தனியாகப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். தையலில் ஒரு சொட்டு இல்லை. குறுக்குக் கம்பின் முனை துணியில் அழுந்தும் இடத்தில் மட்டும் ஒன்று, நிமிடத்துக்கு ஒரு தரம். கம்பின் நுனியை இழைத்துப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு மாட்ட வேண்டும். அதுவரை கீழே ஒரு சொம்பு.